பாவூர்சத்திரத்துக்கு இந்தப் பக்கம்

இந்தத் தடவை வண்டி நிற்கப்போகிறது என்று கொம்பையாவுக்குக் கொஞ்சம் முன்னாலேயே தெரிந்துவிட்டது. எடுத்து ஒரு பர்லாங்கூட ஆகவில்லை. முதலில் இன்ஜின் மூச்சு வாங்கியது, பிறகு யாரோ பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுத்த மாதிரி ஒரு வெட்டு, கொஞ்சம் தள்ளி இன்னொரு வெட்டு, ஆக்ஸிலேட்டரை மிதிக்க மிதிக்க ஏற வேண்டிய சத்தம் இறங்கிக்கொண்டே வந்து, ஒரு புளியமரத்தைத் தாண்டியதும் ஒன்றுமே இல்லாமல் போயிற்று. டயர் உருளும் சத்தம் மட்டும் மிச்சம். ஸ்டியரிங்கை இடதுபக்கம் ஒடித்து மண்ணில் இறக்கினான். திருநெல்வேலி தாண்டி இது நாலாவது நிறுத்தம். ஆலங்குளம் பின்னால் போய்விட்டது, பாவூர்சத்திரம் இன்னும் வரவில்லை. பக்கத்தில் அவன் மனைவி பிரம்மசக்தி மடியிலிருந்த பையை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்தாள்; ஒன்றும் கேட்கவில்லை. முதல் தடவை நின்றபோது என்னாச்சு என்றாள், இரண்டாம் தடவை மறுபடியுமா என்றாள், மூன்றாம் தடவை கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். இப்போது அதையும் பார்க்கவில்லை. அவள் பார்க்காததால் அவன் பார்த்தான். மூன்று பத்து. ஐந்து மணிக்குள் தென்காசிக்கு அப்பால் மலையடிவாரத்தில் இருக்கும் பெண்பிள்ளைகள் விடுதிக்குப் போய்ச் சேர வேண்டும். பழைய வார்டன் அம்மாள் இன்றோடு ஊருக்குக் கிளம்புகிறாள். அவள் கையிலிருந்து சாவிக்கொத்தை வாங்கி நோட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டால் பிரம்மசக்திதான் புது வார்டன். அங்கேயே அறை, அங்கேயே சாப்பாடு. "விஜயதசமி, நல்ல நாளும்மா. அஞ்சு மணிக்குள்ள வந்திருங்க. நாளைக்குப் பிள்ளைகள் லீவு முடிஞ்சு வந்திரும். நீங்க வரலன்னா அடுத்தாப்ல எழுதிப் போட்ட அம்மாவக் கூப்பிட்டிருவோம், தப்பா நெனைக்கப்பிடாது" என்று விடுதிச் செயலாளர் போனில் சொன்னதை அவள் அப்படியே, அந்த மனிதரின் இருமலோடு சேர்த்து, கொம்பையாவிடம் ஒப்பித்திருந்தாள். இன்னும் இருபத்திரண்டு கிலோமீட்டர். நல்ல வண்டிக்கு அரை மணி நேரம். பத்து நிமிஷம் ஓடி, கால் மணி நேரம் நின்று, மறுபடி பத்து நிமிஷம் ஓடுகிற வண்டிக்கு எவ்வளவு நேரம் என்று கணக்குப் போடத் தொடங்கியவன் பாதியில் விட்டுவிட்டான். கணக்கு வராமல் இல்லை. வண்டி நின்ற ஒவ்வொரு தடவையும் நெஞ்சுக்குள் ஏதோ ஓர் இடத்தில் பாரம் குறைகிறது. அது என்ன என்று குனிந்து பார்க்கப் பயமாக இருந்தது.

இறங்கி பானெட்டைத் தூக்கிக் கம்பியை முட்டுக்கொடுத்தான். சூடு முகத்தில் அடித்தது. எண்பத்தெட்டாம் வருஷத்துக் கார். இவன் நாலாவது கை. இதற்காக எந்த மெக்கானிக்கிடமும் போய் அவன் பல்லிளித்து நின்றதில்லை. படிப்பு ஒன்பதாவதோடு சரி. தூத்துக்குடியில் ஐஸ் பிளாண்டுக்கு ராத்திரி ஆபரேட்டராகப் போய், பத்தொன்பது வருஷம் கம்ப்ரஸர் பக்கத்தில் உட்கார்ந்து, அதன் சத்தத்தைக் கேட்டுக் கேட்டே எந்த வால்வு ஒட்டுகிறது, எந்த பேரிங் தேய்கிறது என்று சொல்லப் பழகியவன். அதே காதைத்தான் இந்த வண்டிக்கும் கொடுத்திருந்தான். ஆனால் இன்றைக்குக் காது சரியில்லை. காலை ஆறு மணிக்கு ஷிப்ட் முடிந்து வந்தவன் இன்னும் கண்ணை மூடவில்லை. வழக்கமாக இந்த நேரம் அவனுக்கு நடுச்சாமம். வெயில் கண்ணுக்குள் மணலாக உறுத்தியது. தூரத்தில் காற்றாலைகள் சுற்றிக்கொண்டிருந்தன, ஒன்று மட்டும் சுற்றவில்லை, ஏன் அது மட்டும் என்று ஒரு நிமிஷம் அதையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, சீ, என்ன பார்க்க வந்தோம் என்று திரும்பினான். ஸ்டார்ட் ஆகிறது. சாவியைத் தொட்டால் ஸ்டார்ட் ஆகிறது. அப்படியானால் பேட்டரி சரி, மோட்டார் சரி. ஸ்டார்ட் ஆகியும் ஓடாமல் நிற்கிற வண்டிக்கு இரண்டே சந்தேகம்தான். கரண்ட், இல்லையென்றால் பெட்ரோல். கரண்ட் போனால் விளக்கை அணைத்த மாதிரி படக்கென்று நிற்கும். இது அப்படி நிற்கவில்லை, மூன்று நாள் பட்டினி கிடந்தவன் மாதிரி தள்ளாடித் தள்ளாடி உட்காருகிறது. அப்போது பெட்ரோல். பெட்ரோல் இருக்கிறது. முள் வேலை செய்யாத வண்டி என்பதால் முதல் இரண்டு தடவையும் டாங்க் மூடியைத் திறந்து ஒயரை விட்டுப் பார்த்தான், முக்கால்வாசி நனைந்து வந்தது. மூடியை மூடிவிட்டு எடுத்தான், ஓடியது. மூன்றாம் தடவை, அதுதான் இருக்கிறதே என்று மூடியைத் தொடவில்லை. பம்பின் மேல் ஈரத்துண்டைப் போட்டு, கார்புரேட்டரை ஊதி, பாயிண்டை உப்புத்தாளால் தேய்த்து, அத்தனை பாடும் பட்டு எடுத்தால் இதோ ஒரு பர்லாங். வேலை செய்த தடவை ஓடவில்லை. வேலை செய்யாமல் சும்மா பெட்ரோலைப் பார்த்த தடவை ஓடியது. அந்த இடத்தில் மனசு முள்ளில் வேட்டி மாட்டின மாதிரி மாட்டிக்கொண்டது. பார்த்த தடவை ஓடியது. பார்க்காத தடவை ஓடவில்லை. பார்த்தால் ஓடுவதற்கு இது என்ன பிள்ளையா.

சாவியை எடுத்துக்கொண்டு வண்டிக்குப் பின்னால் போனான். ரோட்டில் லாரி எதுவும் இல்லாத நேரம். மூடியில் சாவியைப் போட்டுத் திருகி லேசாகத் தூக்கியதும், 'உஸ்ஸ்' என்று ஒரு சத்தம், டாங்க் காற்றை உள்ளே குடித்தது. அந்தச் சத்தம் அவனுக்குத் தெரியும். பிளாண்டில் உறிஞ்சும் பக்கத்துக் குழாயைக் கழற்றும்போது வருகிற அதே சத்தம். பெட்ரோல் வெளியே போகப் போக அந்த இடத்துக்குக் காற்று உள்ளே வர வேண்டும். அதற்காக மூடியின் மேல், சாவித்துளைக்குச் சற்றுத் தள்ளி, குண்டூசி நுழைகிற அளவுக்கு ஒரு துளை வைத்திருப்பான். அந்தத் துளை அடைத்துக்கொண்டால் உள்ளே வெற்றிடமாகிவிடும், பம்ப் என்ன இழுத்தாலும் டாங்க் பெட்ரோலை விடாது. மூடியைத் திறந்தால் விடும், மறுபடி பத்து நிமிஷம். அவ்வளவுதான் வியாதி. கொம்பையாவுக்குச் சிரிப்பு வந்தது. மூடியின் மேல்பக்கத்தைப் பார்த்தான். அந்தத் துளையின் மேல் கெட்டியாகக் குழைத்து வைத்த சந்தனம், அதன்மேல் குங்குமம், காய்ந்து சிமெண்டு மாதிரி இறுகியிருந்தது. நேற்று ஆயுதபூஜை. பிரம்மசக்தி வண்டியைக் கழுவி, நான்கு சக்கரத்துக்கும், ஸ்டியரிங்குக்கும், கண்ணாடிக்கும், ஜாக்கிக்கும், ஸ்பானர் ஒவ்வொன்றுக்கும், எதுவும் கோபித்துக்கொள்ளக் கூடாது என்பதுபோல ஒன்று விடாமல் பொட்டு வைத்திருந்தாள். இதற்கும் வைத்திருக்கிறாள். பெருவிரலால் அழுத்தி வைத்த ரேகைகூட அப்படியே இருந்தது. முதல் இரண்டு தடவையும் இதைப் பார்த்தும் பார்க்கவில்லை; உடம்பெல்லாம் பொட்டு வைத்த வண்டியில் ஒரு பொட்டு கண்ணில் எங்கே படும். திருநெல்வேலி வரைக்கும் மூடி அரைத் திருகில் லொடலொடவென்று கிடந்திருக்கும், காற்று எப்படியோ போய்வந்திருக்கும். பங்கில் பையன் பெட்ரோல் போட்டுவிட்டு இறுக்கி மூடியிருக்கிறான், அங்கே பிடித்தது சனி. 'சத்தி, கண்டுபிடிச்சிட்டேன்' என்று சொல்ல வாயெடுத்தான். முதல் சொல் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. வந்த இடத்தில் நின்றுவிட்டது.

ஏனென்றால் அடுத்த சொல்லைச் சொன்னால் என்ன நடக்கும் என்று அவனுக்குத் தெரியும். நீ வச்ச பொட்டுதான் வண்டிய நிறுத்துது. இவ்வளவுதான் அந்த வாக்கியம். இதைக் கேட்டால் அவள் சிரிக்க மாட்டாள், ஐயையோ என் கையாலேயா என்பாள், முகம் மஞ்சளாகிப் போகும், பிறகு, சாமியே தடுக்குதுங்க, வண்டியத் திருப்புங்க என்பாள். சத்தியமாகச் சொல்வாள். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் சத்துணவுக் கூடத்தில் சமையல் வேலைக்கு ஆர்டர் கையில் வந்து, கிளம்புகிற அன்று வாசல் பிள்ளையாருக்கு உடைத்த தேங்காய் அழுகலாக இருந்தது. உள்ளே போய்ச் சேலையை மாற்றிக்கொண்டு அரிசி களைந்தாள். அந்த வேலையைப் பற்றி அதற்கப்புறம் ஒரு வார்த்தை பேசியதில்லை. இவனும் பேசியதில்லை. உண்மையைச் சொன்னால், அன்றைக்கு அந்தத் தேங்காய் அழுகினதில் இவனுக்குச் சந்தோஷம். காலையில் ஆறரைக்கு வந்தால் சுடச்சுட இட்லி, படுக்க விரித்த பாய், ஜன்னலில் போர்வை. எல்லாம் அதது அந்தந்த இடத்தில் இருந்தது. இப்போது ஒரு சின்ன வாக்கியம். பொய்கூட இல்லை, சுத்தமான உண்மை. ஊரில் யாரைக் கேட்டாலும் கொம்பையா உள்ளதைத்தானே சொன்னான் என்பார்கள். வண்டியைத் திருப்பினால் ஆறு மணிக்கு வீடு. டிரங்குப் பெட்டியை இறக்கி மறுபடி கட்டிலுக்கு அடியில் தள்ளினால் வீடு பழையபடி ஆகிவிடும். கையில் மூடியை வைத்துக்கொண்டு, டாங்கின் திறந்த வாயிலிருந்து வந்த பெட்ரோல் நெடியில் தலை கிறுகிறுக்க, எவ்வளவு நேரம் நின்றான் என்று தெரியவில்லை. பிறகு மூடியைப் போட்டு, இறுக்கி, பூட்டினான். பூட்டினது கைதான், நான் இல்லை என்று நினைத்தான். அப்படி நினைத்ததை அவனே நம்பவில்லை.

பழையபடி ஸ்டார்ட் செய்தான், எடுத்தது. அவள், "சரியாயிட்டா?" என்றாள், மெதுவாக. அவள் எப்போதும் மெதுவாகத்தான் பேசுவாள். பாத்திரத்தைத் தரையில் வைத்தால் சத்தம் கேட்காது. வாசலில் கீரைக்காரி கூவினால் ஓடிப்போய்க் கையை ஆட்டி வாயை மூடச் சொல்வாள். பகலில் மிக்ஸி போட்டதில்லை, எல்லாம் அம்மியில், அதுவும் அடியில் சாக்கை மடித்துப் போட்டு. மகள் ராஜகனி சின்னப் பிள்ளையாக இருந்தபோது வீட்டுக்குள் பிள்ளையும் தாயும் சைகையில் பேசிக்கொள்வதை ஒருநாள் அரைத்தூக்கத்தில் பார்த்து, ஊமை வீட்டுக்குள் வந்துவிட்டோமோ என்று திடுக்கிட்டு எழுந்திருக்கிறான். அப்பா தூங்குதாவ. அப்பா தூங்குதாவ. அந்த வீட்டின் மந்திரம் அது. மகள் கட்டிக்கொண்டு ஓசூருக்குப் போன பிறகு சைகை காட்டவும் ஆளில்லை. போன மாதம் இந்த வேலைக்கு எழுதிப்போட்டதை அவள் சொன்னபோது, இங்க என்ன குறைச்சல் என்றுதான் கேட்டான். குறைச்சல் ஒண்ணுமில்ல என்றாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே, "அங்க அறுவது பிள்ளைகள் இருக்காம். சத்தமா இருக்கும்லா" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அதைக் கேட்டதிலிருந்து பிளாண்டில் ஐஸ் பார்கள் தொட்டியிலிருந்து கழன்று விழும் சத்தம்கூட அவனுக்குச் சுள்ளென்று குத்துகிறது. சண்டை போட்டிருந்தால் பதில் சொல்லியிருக்கலாம். குடித்தானா, அடித்தானா, ஒன்றும் செய்யவில்லை. தூங்கினான். பத்தொன்பது வருஷம் தூங்கியே ஒரு பெண்பிள்ளையின் வாயை அடைத்திருக்கிறான், இதற்கு யாரிடம் போய் என்ன பதில் சொல்வது. வெட்டு. இன்னொரு வெட்டு. மூன்று நாற்பதுக்கு வண்டி ஒரு கல்லுவெட்டான்குழிப் பக்கம் மறுபடி நின்றது.

அவன் பானெட்டைத் தூக்கி, கழற்ற வேண்டாத பில்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். அவள் இறங்கி வந்து பக்கத்தில் நின்றாள். "என்ன செய்யுது அது?" "பாக்குதேன்." "பாத்துக்கிட்டேதான இருக்கிய." கோபமாக இல்லை, அதனால் இன்னும் சுட்டது. "நான் பஸ்ல போயிருதேனே. பெட்டி பொறவு வரட்டும்." பஸ் எங்கே. இன்றைக்குக் குலசைக் கோயிலில் தசரா, முத்தாரம்மன் சூரனை வதம் பண்ணுகிற நாள், ஜில்லாவில் ஓடுகிற பஸ்ஸெல்லாம் அங்கே ஸ்பெஷலாகத் திருப்பி விட்டிருந்தார்கள். வந்த ஒன்றிரண்டும் படியில் ஆள் தொங்க நிற்காமல் போயின. ஆலங்குளம் டாக்ஸி ஸ்டாண்டுக்கு அவளே போன் போட்டுப் பார்த்தாள், எடுத்தவன் எல்லா வண்டியும் குலசைக்குப் போயாச்சுக்கா என்று வைத்துவிட்டான். அவள் போனைப் பைக்குள் போட்டு, எடுத்து, மறுபடி போட்டாள். கொம்பையா துடைத்த கண்ணாடியையே துடைத்துக்கொண்டிருந்தான். பத்தடி பின்னால் இருக்கிறது மூடி. ஒரு ஊசி போதும். ஒரு நிமிஷம்கூட வேண்டாம். அந்தப் பத்தடியை நடக்கவும் முடியவில்லை, அந்த வாக்கியத்தைச் சொல்லித் தொலைக்கவும் முடியவில்லை. சொன்னால் அவள் தானாகத் திரும்புவாள், பழி சாமி மேல். சொல்லாமல் இப்படியே நின்றாலும் ஐந்து மணி அடித்துவிடும், பழி வண்டி மேல். எந்தப் பக்கம் போனாலும் இவன் மேல் ஒரு தூசி படாது. எவ்வளவு வசதியான இடத்தில் வந்து நிற்கிறோம் என்று தோன்றியதும் வாயெல்லாம் கசந்தது.

அப்போதுதான் மேற்கேயிருந்து ஒரு லோடு வண்டி வந்து எதிர்ப்பக்கம் நின்றது. மேளம் ஒன்று அடங்கியது. பின்னாலிருந்து குதித்தார்கள், குலசைக்கு வேஷம் கட்டிப் போகிற ஆட்கள். ஒரு போலீஸ், ஒரு கரடி, முகத்தில் கரியும் கையில் வாலுமாக இரண்டு குரங்கு, கடைசியில் பதினாறு கையும் முதுகில் ஆட, முடியைப் பிடித்துக்கொண்டு ஒரு காளி. காளி வெளிநாக்கைக் கழற்றி இடுப்பில் செருகியிருந்தது. "என்ன அண்ணாச்சி, மக்கர் பண்ணுதா?" என்றது கரடி. போலீஸ் கம்பால் டயரைத் தட்டிப் பார்த்து, "ஆர்.சி. புக்க எடும். ஓடாத வண்டிய ஓட்டிக்கிட்டு வந்தது மொதக் குத்தம்" என்றான். "லே, ஒனக்குச் சட்டைக்குப் பொத்தானே இல்ல, நீ கேஸ் போடுதியா" என்றது ஒரு குரங்கு. சத்தமாக ஒரு சிரிப்புக் கேட்டது. யார் சிரித்தது என்று கொம்பையா திரும்பிப் பார்த்தான். பிரம்மசக்தி. பல் முழுவதும் தெரிய, தோள் குலுங்க. அவளுக்கு இப்படி ஒரு சிரிப்பு இருக்கிறது என்பது அவனுக்குத் தெரியாது. அது சின்னச் சிரிப்பும் இல்லை, மைதானத்தில் சிரிக்கிற சிரிப்பு. அவள் காளியைக் கும்பிட்டாள். குரல் ரோட்டுக்கு அந்தப் பக்கம் வரைக்கும் கேட்டது. "தாயி, ஒரு வேலையில சேரப் போறேன். அஞ்சு மணிக்குள்ள போவணும். நடக்குமா, ஒரு வாக்குச் சொல்லு." கொம்பையா கையிலிருந்த கண்ணாடியைத் துடைப்பதை நிறுத்தினான். காளி அவளைப் பார்த்தது, வண்டியைப் பார்த்தது, கடைசியில் மை தீட்டின பெரிய கண்ணால் அவனைப் பார்த்தது. "நாலு சக்கரத்துக்கும் பொட்டு வச்சிருக்கியே தாயி. நடக்காட்டி உருண்டுட்டுப் போவும்" என்றது. மறுபடியும் அதே சிரிப்பு. "லே, தள்ளுங்கலே. ஆத்தா சொல்லுதேன்."

வேண்டாம் என்று சொல்ல முடியாது. தள்ள வேண்டிய வண்டியே இல்லை இது, சாவியைத் தொட்டால் எடுக்கும் என்று சொல்ல வேண்டும். சொன்னால் பின்னே ஏன் நிற்கிறது என்பார்கள். ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்து கியரைப் போட்டான். நாற்பத்தொரு நாள் விரதம் இருந்த ஐந்து பேர், ஒருவேளைச் சோறு தின்ற உடம்பு, காளியின் அட்டைக் கைகள் கண்ணாடியில் உரச, ஏலேலோ என்று தள்ளினார்கள். கண்ணாடிக்குள் வியர்வையில் நீலச்சாயம் வழியும் முகம் தெரிந்தது. அவளும் தள்ளிக்கொண்டிருந்தாள். வண்டி பிடித்தது. பின்னால் ஓ என்று சத்தம். இருநூறு அடி ஓடி, அவனுக்குத் தெரிந்த மாதிரியே, மூச்சு வாங்கி, வெட்டி, நின்றது. கரடி தலையைக் கழற்றிவிட்டு மூச்சிரைத்தது. உள்ளே இருபது வயசுப் பையன். "அண்ணாச்சி, இது வண்டி இல்ல, கழுத" என்றான். காளி மட்டும் முடியை நேராக்கிக்கொண்டே ஜன்னலோரம் குனிந்து, பல் தேய்க்காத மனித வாயோடு, "எங்கேயோ அடச்சிக்கிட்டுக் கெடக்கு. ஒமக்குத் தெரியாமலா இருக்கும், பாரும்" என்றது. சொன்னது காளியா, இல்லை காளி வேஷத்துக்குள் இருக்கிற எவனோ ஒரு பெயிண்டரா, கொத்தனாரா. அவன் சாதாரணமாகத்தான் சொன்னான். எந்த மனிதனும் எந்தப் பழைய வண்டிக்கும் சொல்லுகிற வார்த்தை. ஆனால் கொம்பையா முகத்தைத் திருப்பி ரோட்டைப் பார்த்தான். அவர்கள் ஏறிக்கொண்டார்கள், மேளம் மறுபடி பிடித்தது, போலீஸ் பிரம்மசக்திக்கு சல்யூட் அடித்தான். மேளச் சத்தம் கிழக்கே போய்ப் புள்ளியாகித் தேய்ந்தது.

அவள் வந்து கதவருகில் நின்றாள். மணி நாலு. நெற்றி வியர்வையைத் துடைத்தாள். சிரித்த சிரிப்பின் மிச்சம் கன்னத்தில் இன்னும் இருந்தது, அவன் பார்க்கப் பார்க்க அது இறங்கியது. "திரும்பிருவோமா" என்றாள். பழைய குரல். பக்கத்து அறையில் யாரோ தூங்குகிற குரல். "எத்தன தடவ நிக்கும். அம்மனுக்கே இஷ்டமில்ல போல. நீங்களும் தூங்காம கெடக்கிய. போட்டும், போவோம்." கேட்டதெல்லாம் கிடைத்துவிட்டது. ஒரு வார்த்தை செலவில்லாமல், ஒரு பொய்யோ மெய்யோ சொல்லாமல், அவளே கையில் கொண்டுவந்து கொடுத்துவிட்டாள். சரி என்றால் போதும். அதைக்கூடச் சொல்ல வேண்டாம், தலையை ஆட்டினால் போதும். ஆனால் அந்தக் குரல். ஐந்து நிமிஷத்துக்கு முன்னால் ரோட்டைத் தாண்டிக் கேட்ட குரல், இப்போது அவன் காதுக்கு வரும் முன்னாலேயே மண்ணில் விழுகிறது. எங்கோ தோல் உரிந்த மாதிரி இருந்தது. கம்ப்ரஸர் இப்படிச் சத்தம் இறங்கினால் பதறி எழுந்து ஓடுவான். இதைப் பத்தொன்பது வருஷம் கேட்டுக்கொண்டு, நல்ல அமைதியான வீடு என்று படுத்துக் கிடந்திருக்கிறான். நீ வச்ச பொட்டுதான் என்ற வாக்கியம் இன்னும் வாய்க்குள்தான் இருந்தது. ஒரு தடவை விழுங்கினான், போகவில்லை, மறுபடி விழுங்கினான். இறங்கினான். "சத்தி, ஒரு ஊக்கு குடு" என்றான்.

அவள் தாலிக்கொடியில் கோத்திருந்த ஊக்கில் ஒன்றைக் கழற்றிக்கொண்டே, "எதுக்கு?" என்றாள். "தூசி அடச்சிருக்கும்னு தோணுது. நீ உள்ள இரி. வெயிலு." அவள் உட்கார்ந்தாள். பின்னால் போய், முதுகால் மறைத்துக்கொண்டு, ஊக்கை விரித்துச் சந்தனத்தின் நடுவில் குத்தினான். முதலில் இறங்கவில்லை. திருகினான், பொடி உதிர்ந்தது, ஊசி சட்டென்று உள்ளே போன இடத்தில் காற்று அவன் விரலை உறிஞ்சியது. உஸ்ஸென்ற சத்தம் நீளமாக, மெல்லியதாக, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து தீர்ந்தது. துளையை நன்றாகச் சுற்றி விட்டான், பொட்டைக் கலைக்கவில்லை. அவள் என்றைக்காவது பார்த்தால் குங்குமத்துக்கு நடுவில் ஒரு புள்ளி தெரியும், அவ்வளவுதான். "கார்புரேட்டர்ல தூசி. எடுத்துட்டேன்" என்றான் ஏறிக்கொண்டே. "பின்னால போயில்லா குனிஞ்சிய" என்றாள். "குழாய் அங்கனேருந்துதான வருது." அவள் கையை நீட்டி ஊக்கை வாங்கிக்கொண்டாள். சாவியைத் தொட்டான், எடுத்தது.

பாவூர்சத்திரம் வந்தது, கடைகளில் வாழைக்கன்று கட்டியிருந்தது, போனது. ஐந்து நிமிஷம். காது முழுவதையும் இன்ஜினில் வைத்திருந்தான். ஏழு. கீழ்ப்பாலம் ஒன்று. மலை கிட்டத்தில் வந்துவிட்டது, மேகம் பாதி மூடி. அவள் ஏதேதோ சொல்லிக்கொண்டு வந்தாள். பால்காரனிடம் கால் லிட்டர் போதும் என்று சொல்லியாயிற்று, கேஸ் புத்தகம் டிவிக்குப் பின்னால், மாசத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை வருவேன், வராவிட்டால் நீங்க வாங்க, பகல்லதான் விடுவாவ. அவன் உம் போட்டான். பத்து. வழக்கமாக நிற்கிற நேரம். கால் தானாக ஆக்ஸிலேட்டரில் மெதுவானது, அந்த மூச்சுவாங்கலுக்குக் காத்திருந்தான், வரப்போகிறது, இதோ, அந்த மைல்கல்லுக்குள். மைல்கல் போனது. வேண்டிக்கொண்டிருக்கிறானா, பயப்படுகிறானா என்று அவனுக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. பன்னிரண்டு. பதினைந்து. அவள் ஜன்னல் கண்ணாடியை முழுக்க இறக்கிவிட்டாள், காற்றுக்கு மேலாகக் கேட்க வேண்டும் என்று குரலைக் கொஞ்சம் தூக்கினாள். "ஊக்கால எடுக்கதுக்கா இவ்வளவு நேரம்?" "எங்க அடச்சிருக்குன்னு தெரியதுக்கு நேரமாயிட்டு" என்றான். அவள் அவனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் ரோட்டைப் பார்த்தான். தென்காசிக் கோபுரம் வலதுபக்கம் வந்து நகர்ந்து பின்னால் போயிற்று.

நாலே முக்காலுக்கு விடுதி வாசல். வராந்தாவில் வெள்ளைச்சேலை அம்மாள் ஒருத்தி, காலடியில் பெட்டியோடு, மடியில் பெரிய சாவிக்கொத்தோடு உட்கார்ந்திருந்தாள். வாட்ச்மேனும் கொம்பையாவும் டிரங்குப் பெட்டியை இறக்கி வராந்தாவில் கொண்டு வைத்தார்கள். அத்தனை நேரமும் அவன் வண்டியை அணைக்கவில்லை. "அணச்சிட்டு வாங்க, ஒரு வாய் டீ குடிச்சிட்டுப் போலாம். கேட்டுட்டேன், இருக்காம்" என்று அவள் படியிலிருந்து கூப்பிட்டாள். "அணச்சா மறுபடி எடுக்காது" என்றான். எடுக்கும், ஆயிரம் தடவை எடுக்கும். அவள் இரண்டு படி இறங்கினாள், நின்றாள், தலையாட்டினாள், உள்ளே போனாள். நோட்டைத் திருப்பும் கையும் குனிந்த தலையும் ஜன்னல் கம்பி வழியாகத் தெரிந்தது. பிறகு அதுவும் தெரியவில்லை, உள்ளே எங்கோ ஒவ்வொரு அறையாகப் பூட்டைத் திறந்து பார்க்கும் சத்தம், அவள் ஏதோ கேட்கும் குரல், வெற்று அறைகளில் முட்டிப் பெரிசாகி வந்தது. அவன் ஸ்டியரிங் மேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. ஒரே சீராக, ஒரு குறையும் சொல்ல முடியாதபடி. கண் சொருகியது, உதறினான். இப்போது நின்றால், இந்த நிமிஷம், வாசலிலேயே நின்றால், யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். வாட்ச்மேன் வந்து பானெட்டைத் தட்டினான். "அண்ணாச்சி, தண்ணி லாரி வார நேரம். ஒண்ணு வண்டிய அணைங்க, இல்ல எடுங்க. நடுவுல நின்னா எப்படி?"

"எடுக்கேன்" என்றான் கொம்பையா. கிளட்ச்சை மிதித்து, முதல் கியரைப் போட்டு, காலை மெல்ல, மிக மெல்ல, எந்த வண்டியாக இருந்தாலும் ஒரு தடவையாவது திணறி நின்றுவிடும்படி அவ்வளவு மெல்ல விட்டான். வண்டி நகர்ந்தது.